கண்ணாடிக் குழாயில் நின்ற தண்ணீர்

ஆலையில் அவருக்கு வைத்த பெயர் ஸ்பீக்கர். பெற்றவர்கள் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும் இருந்தது.

அது ஒரு சலவை ஆலை. நாலு ஆஸ்பத்திரிகளின் படுக்கை விரிப்பு, தலையணை உறை, ஆபரேஷன் துணி எல்லாம் மூட்டை மூட்டையாக அங்கேதான் வந்து விழும். ரத்தமும் சீழுமாக வருவது, சாயங்காலம் வெள்ளை வெளேரென்று மடிப்புக் கலையாமல் திரும்பிப் போகும். துவைக்கச் சுடுதண்ணீரும் காயவைக்க, இஸ்திரி போட நீராவியும் பின்பக்கத்து பாய்லரிலிருந்து வரவேண்டும். அந்த பாய்லரின் ஆபரேட்டர் அவர். இருபத்தாறு வருஷமாக அதே அறை, அதே சூடு, அதே இரும்பு ஸ்டூல்.

பெயர் வந்தது பாய்லரால் அல்ல. இரண்டு வருஷத்துக்கு முன்னால் இஸ்திரி உருளையில் ஒருவனுக்கு விரல்கள் நசுங்கின. அதன்பிறகு மேனேஜர், வேலை தொடங்கும் முன் தினமும் ஒரு பிரார்த்தனை நடக்கட்டும் என்றார். யார் சொல்வது? இவருக்குத்தான் அந்தக் குரல். காலை ஏழு மணிக்குச் சங்கு ஊதும் முன், லாரி நிற்கும் மேடையில் நாற்பது பேர் கூடுவார்கள். எந்தச் சாமியைக் கும்பிடுகிறவனும் அங்கே நிற்கலாம். இவர் எந்தச் சாமியின் பெயரையும் எடுப்பதில்லை. "ஆண்டவா!" என்று ஒரே போடு. தகரக் கூரை அதிரும். "எங்கள் கைகளைக் காப்பாற்று, எங்கள் கண்களைத் திறந்து வை" என்று ஏற்றி இறக்கிச் சொல்லும்போது, துணி பிரிக்கும் பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைப்பார்கள்.

"மைக்கே வேணாம்டா இந்த ஆளுக்கு. நேரா மேலயே கேக்கும்" என்றான் லாரி டிரைவர் ஒருநாள். அன்றிலிருந்து ஸ்பீக்கர்.

அவருக்கும் அது பிடித்திருந்தது. ஐம்பத்திரண்டு வயதில், ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்ட மனுஷனுக்கு, மேனேஜரே தலைகுனிந்து நிற்கிற மாதிரி ஒரு வேலை கிடைத்தால் பிடிக்காமலா போகும்?

இப்போது அந்தக் கண்ணாடிக் குழாயைப் பற்றிச் சொல்லவேண்டும்.

பாய்லரின் முன்பக்கத்தில் ஒரு முழ நீளத்துக்கு ஒரு கண்ணாடிக் குழாய் உண்டு. உள்ளே எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று காட்டுவது அதுதான். கொதிக்கிற பாய்லருக்குள் யார் எட்டிப் பார்க்க முடியும்? குழாயை நம்பித்தான் நெருப்பு எரிகிறது. ஆனால் அதையும் அப்படியே நம்பிவிடக் கூடாது. உப்புப் படிந்து அதன் கீழ்வழி அடைத்துக்கொண்டால், உள்ளே தண்ணீர் வற்றினாலும் குழாயில் நிற்கிற தண்ணீர் நின்றபடியே நிற்கும். பார்க்கிறவனுக்கு எல்லாம் சரியாக இருக்கிறாற்போலத் தோன்றும். அதனால் தினமும் காலையில் குழாயின் அடியில் உள்ள திருகைத் திறந்து, தண்ணீரை வெளியே விட்டு, மூடிவிட்டு, மறுபடி ஏறுகிறதா என்று நின்று பார்க்கவேண்டும். சட்டென்று ஏறினால் வழி சுத்தம். ஏறவில்லையென்றால் நெருப்பை அணைத்துவிட்டு மற்ற வேலை. மொத்தம் ஐந்து நிமிஷம். செய்ததும் நோட்டில் ஒரு டிக்.

ஆறே முக்காலிலிருந்து ஏழுக்குள் செய்யவேண்டிய வேலை அது. அந்த நேரத்தில்தான் மேடையில் நாற்பது பேர் காத்திருப்பார்கள். முதலில் ஒருநாள் விட்டார். பிறகு வாரத்தில் இரண்டு நாள். கடைசி ஆறு மாதமாகத் திருகைத் தொட்டதே இல்லை. நோட்டைத் திறப்பார், டிக் போடுவார், மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மேடைக்கு நடப்பார். கண்களைத் திறந்து வை என்று வேண்டுவதற்கு.

அந்த அறையில் இன்னொரு பழக்கமும் இருந்தது. ஆலையில் பாதிப் பேர் சாப்பாட்டுக் கேரியரைக் கொண்டுவந்து பாய்லருக்கு மேலே போகிற நீராவிக் குழாயின் ஓரத்தில் வைப்பார்கள். மத்தியானம் எடுத்தால் அப்போது இறக்கியது போலச் சுடச்சுட இருக்கும். வெளியாள் உள்ளே வரக்கூடாது என்று கதவில் எழுதித்தான் இருக்கிறது. எழுதியதை யார் படித்தார்கள்?

விரல் நசுங்கியவனுக்குப் பிறகு இஸ்திரி உருளையில் வேலை செய்தவன் அவருடைய தங்கை புருஷன். பதினேழு வருஷத்து மாப்பிள்ளை. ஒல்லி. எதற்கெடுத்தாலும் சிரிப்பான். தன் கேரியரையும் மச்சான் கேரியரையும் சேர்த்து எடுத்து வைப்பது தினமும் அவன் வேலை.

அன்றைக்கும் மத்தியானம் வந்தான். ஸ்பீக்கர் அறைக்கு வெளியே தண்ணீர்க் குழாயடியில் கை கழுவிக்கொண்டிருந்தார்.

"மச்சான், இன்னைக்கு உங்க வீட்டுச் சாப்பாடு எனக்கு. என் பொண்டாட்டி உப்புப் போட மறந்துட்டா, காலையிலயே சொல்லிட்டா."

"அவ சின்ன வயசுலயும் அப்படித்தான் மாப்ளே. நீ கட்டிக்கிட்டே, நீயே சாப்பிடு."

சிரித்துக்கொண்டே உள்ளே போனான். அதுதான் அவன் சிரித்த கடைசிச் சிரிப்பு.

கை துடைக்கத் துண்டை எடுத்திருப்பார். அறைக்குள்ளிருந்து ஒரு சத்தம். வெடி மாதிரி இல்லை. பெரிய துணியை ஒரே இழுப்பில் கிழித்த மாதிரி. வற்றிப்போய்ப் பழுத்திருந்த உள் இரும்பு பிளந்து, நீராவியும் நெருப்பும் பாய்லரின் முன்கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தன. முன்கதவுக்கு நேரே மாப்பிள்ளை நின்றிருந்தான், கையில் இரண்டு கேரியரோடு.

கண்ணாடிக் குழாய் மட்டும் உடையவில்லை. எல்லாம் அடங்கினபிறகு ஸ்பீக்கர் பார்த்தார். முக்கால்வாசிக்குத் தண்ணீர் தெளிவாக நின்றுகொண்டிருந்தது.

விசாரணை அதிகாரி இரண்டு நாள் கழித்து வந்தார். நோட்டைப் புரட்டினார். ஒருநாள்கூட விடாமல் டிக்.

"பதிவேடு ரொம்ப சுத்தமா இருக்கே. எல்லாரும் இப்படி இருந்தா எனக்கு வேலையே இருக்காது."

ஸ்பீக்கர் நோட்டை வாங்கி அலமாரியில் வைத்தார். பழைய பாய்லர், உப்புத் தண்ணீர் என்று எழுதிக்கொண்டு போனார் அதிகாரி. மேனேஜர் அதோடு இன்னொரு வரி சேர்த்து அறிவிப்புப் பலகையில் ஒட்டினார்: காயமடைந்தவர் அனுமதியின்றி பாய்லர் அறைக்குள் நுழைந்தவர்.

தீக்காய வார்டில் ஒரு நேரத்தில் ஒருவரைத்தான் விடுவார்கள். அவர் போன முதல் நாள் மாப்பிள்ளையின் முகத்தில் வாயும் ஒரு கண்ணும்தான் தெரிந்தன. மீதியெல்லாம் கட்டு. மேலே விரித்திருந்த வெள்ளைத் துணியை ஸ்பீக்கருக்குத் தெரியும். அவர்கள் ஆலையில் துவைத்த துணி. ஓரத்தில் ஆலையின் முத்திரை.

"மச்சான்."

"சொல்லு மாப்ளே. மெதுவா."

"நான்தான் மச்சான். கேரியரை இறக்கும்போது, அங்க ஒரு கைப்பிடி இருக்குல்ல, சிவப்பா... அதுல இடிச்சுட்டேன். டங்குன்னு ஒரு சத்தம் கேட்டுச்சு. உடனே எல்லாம்..."

சிவப்புக் கைப்பிடி ஸ்பீக்கருக்குத் தெரியாததா? பழைய குழாய் ஒன்றின் கைப்பிடி. அந்தக் குழாயை வெட்டி அடைத்துப் பத்து வருஷமாகிறது. கடப்பாரையால் அடித்தாலும் ஒன்றும் ஆகாது. இரண்டே வார்த்தையில் சொல்லியிருக்கலாம்.

சொல்லவில்லை.

"உங்க பாய்லரைக் கெடுத்துட்டேன். நீங்க கண்ணு மாதிரி வச்சிருந்தீங்க. எனக்காக மன்னிப்புக் கேளுங்க மச்சான். நீங்க கேட்டா மேல கேக்கும்."

ஸ்பீக்கர் கண்ணை மூடினார். "ஆண்டவா!" என்று வாய் தானாகத் தொடங்கிவிட்டது. அறியாமல் செய்த பிழையை மன்னித்துவிடு, இந்தப் பிள்ளையின் கைத்தவறைப் பாராதே என்று குரல் ஏறி இறங்கியது. பக்கத்துக் கட்டில்காரன் முனகுவதை நிறுத்தினான். நர்ஸ் மருந்துத் தட்டோடு நின்றுவிட்டாள். கட்டுக்குள்ளிருந்த அந்த ஒற்றைக் கண்ணில் தண்ணீர் வழிந்தது.

வெளியே வந்தபோது நர்ஸ் சொன்னாள்: "ஐயா, தினமும் வந்து இப்படிச் சொல்லுங்க. எல்லாருக்கும் தெம்பா இருக்கு."

அன்று வீட்டில் அவருக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் விடிந்ததும் குளியலறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு நின்றார். தனியாக வேண்டிப் பார்க்கலாம் என்று. யோசித்துப் பார்த்தால், வாழ்நாளில் அவர் தனியாக வேண்டியதே இல்லை. கேட்க ஆள் இல்லாமல் வாய் திறந்ததே இல்லை. "ஆண்டவா!" என்றார். நாலு சுவருக்குள் குரல் மோதித் திரும்பி, மேடையில் கேட்பதைவிட நன்றாகவே கேட்டது. அந்த நன்றாகக் கேட்பதில் அப்படியே கால் மணி நேரம் போயிற்று.

வெளியே மனைவி துடைப்பத்தோடு நின்றாள்.

"யார்கிட்ட பேசிட்டு வர்றீங்க?"

"ஆண்டவன்கிட்டதான்."

"ஏன், அவருக்கு என்ன காது மந்தமா?"

அதோடு போயிருந்தாலும் பரவாயில்லை. தெருவில் இறங்கினால் பக்கத்து வீட்டுத் தையல்காரன் கும்பிடு போட்டான். "அண்ணே, காலையில உங்க பிரார்த்தனை ஜன்னல் வழியா வந்துச்சு. என் வீட்டுக்காரி அடுப்பைக் குறைச்சு வச்சுட்டுக் கேட்டா. நாளைக்குக் கொஞ்சம் சீக்கிரம் ஆரம்பிங்கண்ணே, ஆறே காலுக்கு எனக்குப் பஸ்."

ஸ்பீக்கர் குனிந்த தலை நிமிராமல் நடந்தார்.

பாய்லர் செத்துப்போய், வாடகைக்கு ஒன்று அதன் ஆளோடு வந்துவிட்டதால் அவரை அழுக்குத் துணிக் கிடங்குக்கு மாற்றியிருந்தார்கள். ஜன்னல் கிடையாது. கூரை வரைக்கும் மூட்டை. அங்கே கத்தினாலும் சத்தத்தைத் துணி குடித்துவிடும். அது அவருக்கு இரண்டாம் நாள்தான் தெரிந்தது. காலையில் கால் மணி நேரம் முன்னதாக வந்து மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்தார். "ஆண்டவா" என்றார். குரல் வாயைத் தாண்டவில்லை. நாற்றமடிக்கிற துணிக்கு முன்னால் ஏற்றமும் இறக்கமும் எதற்கு? நாலு வரி சொன்னார், ஐந்தாவது வரி அசட்டுத்தனமாகப் பட்டது, நிறுத்திவிட்டார்.

அப்படித்தான் தொடங்கியது. தினமும் கால் மணி. முதல் சில நாள் மனப்பாடம் ஓடியது. பிறகு அது தீர்ந்து போயிற்று. வெறுமனே உட்கார்ந்தார். உட்கார்ந்தால் கால் மரத்தது, மூக்கு அரித்தது, மூட்டைகளை எண்ணினார். ஒருநாள் தூங்கியே போனார். ஆனாலும் விடவில்லை. ஏனென்றால் ஒன்றும் சொல்லாமல் இருக்கும்போது, அடியிலிருந்து ஒரே ஒரு வாக்கியம் மேலே வரப் பார்த்தது. அது வரும்போதெல்லாம் அவர் அவசர அவசரமாக மாப்பிள்ளைக்காக வேண்டத் தொடங்குவார். உயிரைக் கொடு, தோலைக் கொடு, தங்கையின் தாலியைக் காப்பாற்று. நல்ல வேண்டுதல்கள்தான். எல்லாவற்றையும் அந்த வாக்கியத்தின் மேல் மூட்டை போல அடுக்கினார்.

சாயங்காலம் ஆஸ்பத்திரியில் மறுபடியும் அதே கதை. "கேளுங்க மச்சான், மன்னிப்பு." இவர் கேட்பார். வார்டே கேட்கும். மேடையிலும் ஏழு மணிப் பிரார்த்தனை நிற்கவில்லை. முன்னைவிடக் கூட்டம் அதிகம், பயம் வந்துவிட்டதல்லவா.

விபத்து நடந்த பத்தொன்பதாம் நாள் கிடங்கில் ஒரு மூட்டை அவிழ்ந்து கிடந்தது. தீக்காய வார்டு என்று சீட்டுக் கட்டிய மூட்டை. உள்ளிருந்த விரிப்பில் ஓர் ஆளின் முதுகு அப்படியே மஞ்சளாகவும் கறுப்பாகவும் ஒட்டி வந்திருந்தது. யாருடையதோ. அவனுடையதாகவும் இருக்கலாம். ஸ்பீக்கர் அதன் எதிரில் உட்கார்ந்தார். அன்று அந்த வாக்கியத்தைத் தடுக்க அவரிடம் வேறு வார்த்தை இல்லை.

"நான் தொறந்து பாக்கல."

அவ்வளவுதான். ஆண்டவா என்றுகூட முன்னால் போடவில்லை. சொன்னதும் பாரம் இறங்கும், கண்ணீர் வரும் என்றெல்லாம் ஒன்றும் நடக்கவில்லை. மூலையில் போய் வாந்தியெடுத்தார். வாயைத் துடைத்துக்கொண்டு திரும்ப வந்து உட்கார்ந்து இன்னொரு முறை சொன்னார். பிறகு எழுந்து, ஏழு மணிச் சங்குக்கு மேடைக்குப் போகாமல், வாட்ச்மேனிடம்கூடச் சொல்லாமல் ஆஸ்பத்திரிக்கு நடந்தார்.

மாப்பிள்ளைக்கு அப்போது காய்ச்சல் ஏறியிருந்தது. ஆனால் நினைவு தெளிவு.

"மச்சான், இன்னைக்குக் காலையிலயே வந்துட்டீங்க. ஆரம்பிங்க."

"மாப்ளே, நீ ஒண்ணும் பண்ணல. அந்தச் சிவப்புக் கைப்பிடி சும்மா. அதுக்குள்ள குழாயே கெடையாது."

"அப்புறம் எப்படி?"

"கண்ணாடிக் குழாயைத் தெனமும் தொறந்து விட்டுப் பாக்கணும். நான் பாக்கல. ஆறு மாசமா பாக்கல. பாத்தேன்னு டிக் போட்டேன். வழி அடைச்சிருக்கு, உள்ள தண்ணியில்ல. எனக்குத் தெரியல. தெரிஞ்சிருக்கணும்."

கட்டுக்குள்ளிருந்த ஒற்றைக் கண் அவர் பக்கம் திரும்பியது.

"அந்த நேரத்துல என்ன பண்ணிக்கிட்டு இருந்தே?"

பதினேழு வருஷத்தில் அவன் அவரை அப்படி ஒருமையில் கேட்டது அதுதான் முதல் தடவை.

"மேடையில... பிரார்த்தனை."

அவனிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. சிரிப்பா வேறெதுவுமா என்று தெரியவில்லை. உதடு வெடித்து ரத்தம் கசிந்தது.

"பத்தொன்பது நாளு. வலியிலகூட நான் வலிக்காக வேண்டல. மன்னிச்சுக்கோ, மன்னிச்சுக்கோன்னு அதையே கேட்டுக்கிட்டு இருந்தேன். நீயும் பக்கத்துல நின்னு கேட்டே. பொய்யா கேட்டே."

"ஆமா."

"வெளிய அவ உக்காந்திருப்பா. போய்ச் சொல்லு. நான் சொல்ல மாட்டேன். நீயே சொல்லு."

கண்ணை மூடிக்கொண்டான். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. மன்னிக்கவில்லை என்றும் சொல்லவில்லை. நர்ஸ் வந்து, நேரமாகிவிட்டது என்றாள்.

தங்கை நடையில் பெஞ்சில் இருந்தாள், மடியில் பிளாஸ்க். அவளிடமும் அதே வாக்கியம்தான், அதே வரிசையில். முழுக்கக் கேட்டாள். கத்துவாள், மாரில் அடித்துக்கொள்வாள் என்று எதிர்பார்த்துச் சுவரோரம் ஒதுங்கி நின்றார். அவள் பிளாஸ்க்கின் மூடியைத் திருகி இறுக்கினாள். ஏற்கெனவே இறுகியிருந்தது. மறுபடி இறுக்கினாள்.

"அண்ணே, இனிமே அவருக்காக நீங்க வேண்டாதீங்க."

"அம்மாடி..."

"வேண்டாதீங்க. அவ்வளவுதான்."

அதற்கு மேல் அவள் பேசவில்லை. அன்றைக்கு மட்டுமல்ல; பிறகும்.

மூன்றாம் நாள் காலையில் மாப்பிள்ளை போய்விட்டான்.

அடக்கத்துக்கு ஆலையே வந்திருந்தது. பெட்டியை இறக்கும் முன் மேனேஜர் கண்ணைக் காட்ட, லாரி டிரைவர், "ஸ்பீக்கரண்ணே, நாலு வார்த்தை" என்றான். எல்லாத் தலைகளும் குனிந்தன. தங்கை மட்டும் குனியவில்லை. நேராக அவரையே பார்த்தாள்.

ஸ்பீக்கர் முன்னால் வந்தார். வாயைத் திறந்தார். கிடங்கில் பழகிய குரல்தான் வந்தது, பக்கத்தில் நிற்பவனுக்கே கேட்காத குரல்.

"நான் தொறந்து பாக்கல."

பின்னாலிருந்து ஒருத்தன், "சத்தமா, ஸ்பீக்கரண்ணே! ஒண்ணும் கேக்கல!" என்றான்.

சத்தமாகத்தான் சொல்லவேண்டியிருந்தது. அந்தக் குரலை முழுசாக எடுத்து, குழாய், திருகு, டிக், ஆறு மாதம், ஏழு மணிப் பிரார்த்தனை என்று ஒன்று விடாமல் சொன்னார். கடைசி வரிசை வரைக்கும் கேட்டது. சொல்லி முடித்தபோது குனிந்த தலைகள் ஒன்றொன்றாக நிமிர்ந்துகொண்டிருந்தன. யாரும் முந்தானையைக் கண்ணுக்குக் கொண்டுபோகவில்லை. மண் போடும் நேரம் வந்தபோது தங்கை மகள் குறுக்கே வந்து நின்றாள். அவர் கையிலிருந்த மண்ணை அங்கேயே உதறிவிட்டு ஒதுங்கினார்.

பிறகு நடந்ததெல்லாம் நடக்கவேண்டியதுதான். அதிகாரி மறுபடி வந்தார், இந்த முறை பாராட்டவில்லை. உரிமம் போயிற்று. வழக்கு இன்னும் நடக்கிறது. அறிவிப்புப் பலகையிலிருந்த காகிதத்தை மேனேஜர் கிழித்தார். அந்த ஒரு காரியம் உருப்படியாக நடந்தது. மேடையில் பிரார்த்தனையும் நின்றது. தெருவில் அவரை இப்போது யாரும் ஸ்பீக்கர் என்று கூப்பிடுவதில்லை. எப்படியும் கூப்பிடுவதில்லை.

மாட்டுத் தீவனக் கிடங்கில் மூட்டை தூக்குகிறார். விடிந்ததும் குளியலறையில் தாழிட்டுக்கொள்கிறார். தையல்காரன் வீட்டு ஜன்னலுக்கு ஒன்றும் கேட்காது. மாப்பிள்ளைக்காக வேண்டக் கூடாது என்று தங்கை சொல்லிவிட்டாள், வேண்டுவதில்லை. தனக்காக என்ன கேட்பதென்று தெரியவில்லை. அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்கிறார். சொல்லிவிட்டு, கவிழ்த்து வைத்த வாளியின் மேல் உட்கார்ந்து காத்திருக்கிறார், அந்தத் திருகை மூடிவிட்டுத் தண்ணீர் ஏறுகிறதா என்று நின்று பார்க்கவேண்டிய அவ்வளவு நேரம்.

சில நாள் ஏதோ ஏறுகிற மாதிரி இருக்கும். பெரும்பாலும் இல்லை.

மனைவி கதவைத் தட்டுவாள். "முடிஞ்சுதா?"

"இல்ல" என்பார். "இரு, இன்னும் வரல."